படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

போன பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது ஹாலில் 55 இஞ்ச் புது டிவி மாட்டியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தரையில் சாய்ந்துகொண்டு ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தியேட்டரிலேயே நான் மூன்று முறை பார்த்த படம்தான், ஆனால் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் ஏதோ உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் தரையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தார்கள். வீடு வீடாகத் தெரியவில்லை, செட் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அழுகிற காட்சியில் கன்னத்தில் பூசியிருந்த பவுடர்தான் முதலில் கண்ணில் பட்டது. ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி, அசைவைச் சீராக்கும் வசதி ஒன்று இருக்குமே, அதை அணைத்தேன். உடனே படம் படமாகிவிட்டது. சித்தப்பா இரண்டு நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம், "என்னப்பா பண்ணின? இப்ப விட்டு விட்டு ஓடுற மாதிரி இருக்கே, முன்ன நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நிஜமாகவே விட்டு விட்டுத்தான் ஓடியது. எனக்கு உறுத்தியதும் உண்மை. ஒரே படத்தை ஒரே திரையில் பார்த்த இரண்டு பேருக்கு இப்படி நேரெதிராகத் தோன்றுவதுதான் ஹை ஃப்ரேம் ரேட் என்ற விஷயத்தின் முழுச் சிக்கலும். பீட்டர் ஜாக்சன், ஆங் லீ, ஜேம்ஸ் கேமரூன் என்று கையில் பணமும் பெயரும் உள்ள பெரிய இயக்குநர்களே இறங்கிப் பார்த்தும் இன்னும் தீராத சிக்கல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. ஹை ஃப்ரேம் ரேட் என்றால் 48, 60, 120 என்று அதிகமாக எடுத்து, எடுத்த அதே வேகத்தில் திரையிலும் ஓட்டுவது. எடுத்த வேகத்திலேயே ஓட்டுவது என்பதுதான் இதில் முக்கியம். 120இல் எடுத்து 24இல் ஓட்டினால் ஒரு வினாடி ஐந்து வினாடியாக நீளும், அதுதான் ஹீரோ தூசி பறக்க நடந்து வரும்போது நாம் பார்க்கிற ஸ்லோமோஷன். 120இல் எடுத்து 120இலேயே ஓட்டினால் நேரம் கொஞ்சமும் நீளாது. ஒரு வினாடி ஒரு வினாடியாகவே இருக்கும், ஆனால் அதற்குள் ஐந்து மடங்கு அசைவு பதிவாகியிருக்கும்.

சரி, இந்த 24 எங்கிருந்து வந்தது? மௌனப் பட காலத்தில் நிலையான வேகம் என்று ஒன்றே கிடையாது. கேமராமேன் கையால் கைப்பிடியைச் சுற்றுவார், ஒரு சுற்றுக்கு எட்டு ஃப்ரேம், வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. கை வேகமானால் கூடும், சோர்ந்தால் குறையும். தியேட்டரில் ஓட்டுகிறவர் அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டால் இன்னும் விரட்டுவார். கண் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. காது பொறுக்காது, பாட்டின் வேகம் லேசாக மாறினாலே சுருதி போய்விடும். அதனால் 1920களின் பிற்பகுதியில் பேசும் படம் வந்தபோது ஏதாவது ஒரு வேகத்தில் நிலைநிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. அப்போது தியேட்டர்களில் எந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்களோ அதை ஒட்டி நிமிஷத்துக்கு 90 அடி என்று வைத்தார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். 90ஐ 16ஆல் பெருக்கினால் 1440, அதை 60ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் கதை. கண்ணை ஆராய்ந்து கண்டுபிடித்த எண் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒலி கெடக்கூடாது, ஃபிலிமும் வீணாகக்கூடாது என்ற இரண்டு தேவைக்கும் நடுவில் விழுந்த எண் அது.

24 போதும் என்றால் ஏன் சித்தப்பாவுக்கு விட்டு விட்டுத் தெரிந்தது? ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகும்போது வெளியே ஓடுகிற மின்கம்பங்களைப் பாருங்கள். கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தினால் கம்பம் வெறும் கோடாக இழுபட்டுப் போகும். கண்ணும் கம்பத்தோடு கூடவே நகர்ந்தால், ஒரு கணம் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்கூடத் தெளிவாகத் தெரியும். நிஜ உலகில் நகர்கிற எதையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம், கண்ணால் பின்தொடர்ந்து. 24 ஃப்ரேம் படத்தில் அது முடியாது. திரையில் ஒரு ஆள் குறுக்கே ஓடுகிறான், கண் அவனோடு சீராக நகர்கிறது, ஆனால் படம் சீராக நகர்வதில்லை. ஒரு இடத்தில் நின்று, அடுத்த இடத்துக்குத் தாவி, மறுபடி நிற்கிறது. போதாததற்கு, வெளிச்சம் மினுக்குவது தெரியாமல் இருக்க ப்ரொஜெக்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டும். அந்த இரண்டு முறைக்கும் நடுவில் கண் நகர்ந்துவிடுவதால் உருவத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும். கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் காட்சி அதிர்வது இதனால்தான். ஒளிப்பதிவாளர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு பொருள் ஏழு வினாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. நூறு வருஷமாக இயக்குநர்கள் இந்தப் பலவீனத்தைச் சுற்றித்தான் ஷாட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதிர்வை மறைக்கிறது மங்கல். வழக்கமாக 24இல் எடுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் 48இல் ஒரு பங்கு வினாடி வெளிச்சம் வாங்கும், அதற்குள் கை அசைந்தால் அந்த அசைவு இழுபட்டுப் பதியும். அந்த இழுப்புதான் ஒரு ஃப்ரேமை அடுத்ததோடு ஒட்டவைக்கிற பசை. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மங்கலாக இருப்பதைக் கண்ணால் ஆராய முடியாது. ஒட்டுத் தாடியின் ஓரம், அட்டைக் கத்தி, தெர்மாகோல் பாறை எல்லாம் அந்த மங்கலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஃப்ரேம் கூடக் கூட மங்கல் குறைகிறது, கண்ணுக்குச் சுதந்திரம் வருகிறது, அது இயக்குநர் காட்டாத இடத்துக்கெல்லாம் போய்ப் பார்க்கத் தொடங்குகிறது. மேக்கப், நடிப்பு, வெளிச்சம் என்று சினிமாவில் இருக்கிற அத்தனை கலையும் 24இன் மங்கலை நம்பி வளர்ந்தவை. ஃப்ரேமை மட்டும் கூட்டிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பவுடர் கன்னத்தில் பார்த்தேன்.

இது கண்ணோடு நிற்கிற விஷயமும் இல்லை, பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒளியும்' பாட்டுப் பார்ப்போம், கொஞ்ச நேரத்தில் செய்தி வாசிப்பவர் வருவார். அதே டிவி, அதே ஆன்டெனா. ஆனால் பாட்டு ஒரு மாதிரியும் செய்தி வாசிப்பவர் வேறு மாதிரியும் தெரிவார்கள். நம் ஊர் டிவி முறையில் வீடியோ கேமரா வினாடிக்கு 50 முறை அசைவைப் பதிவு செய்யும், ஒவ்வொரு முறையும் பாதிப் படம். ஃபிலிமில் எடுத்த பாட்டில் 24 அல்லது 25 அசைவுதான் இருக்கும். செய்தி, கிரிக்கெட், சீரியல், கல்யாண வீடியோ எல்லாம் 50 பக்கம். சினிமா மட்டும் 24 பக்கம். யாரும் சொல்லித் தராமலே நாம் பாடம் படித்துவிட்டோம்: வழுவழுவென்று அசைந்தால் அது நடந்தது, நம்மைப் போன்ற ஆட்கள், மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள். லேசாக விட்டு அசைந்தால் அது கதை. அதனால்தான் ஹை ஃப்ரேம் ரேட்டைப் பார்த்ததும் வாயில் முதலில் வருவது "சீரியல் மாதிரி இருக்கு". அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே வீடியோவில் எடுத்த பகல்நேர சீரியல்களின் பெயரையே இந்தத் தோற்றத்துக்கு வைத்துவிட்டார்கள்.

24ஐ விட்டு வெளியே போக முதலில் பெரிதாக முயன்றது டாட்-ஏஓ என்ற அகலத் திரை முறை. 1955இல் வந்த 'ஓக்லஹோமா!'வை 70 மி.மீ.க்காக 30 ஃப்ரேமில் எடுத்தார்கள். மற்ற தியேட்டர்களுக்காக 24 ஃப்ரேமில் சினிமாஸ்கோப்பில் இன்னொரு முறை தனியாக எடுத்தார்கள், ஒரு படத்தை இரண்டு முறை! அது நீடிக்கவில்லை. அதன் பிறகு வந்தவர்தான் இந்தக் கதையின் உண்மையான நாயகன் என்று நான் நினைக்கிறேன், டக்ளஸ் ட்ரம்புல். '2001', 'பிளேடு ரன்னர்' போன்ற படங்களின் காட்சி ஜாலங்களில் வேலை செய்தவர். 1970களில் அவர் பல வேகங்களில் ஒரே மாதிரிக் காட்சிகளை எடுத்துப் போட்டுக்காட்டி, பார்ப்பவர்களின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி அவர்கள் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்று அளந்தார். ஃப்ரேம் கூடக் கூட உடம்பின் பரபரப்பும் கூடியது. அதிலிருந்து பிறந்தது ஷோஸ்கேன், 70 மி.மீ. ஃபிலிம், வினாடிக்கு 60 ஃப்ரேம்.

ஷோஸ்கேனைக் காட்ட அவர் எடுத்த ஒரு குறும்படத்தில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். முதலில் சாதாரணமான ஒரு படம் ஓடும், திடீரென்று அறுந்துவிடும். அரங்கம் இருட்டாகும். திரைக்குப் பின்னால் யாரோ வருவது தெரியும், தியேட்டர்க்காரர்தான் சரிசெய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த ஆளும் படம்தான். 60 ஃப்ரேமில் எடுத்த படம். 24இல் இந்த வித்தை பலிக்காது, பார்த்த மாத்திரத்தில் சினிமா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு தந்திரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும். அதிக ஃப்ரேம் ஒரு ஆளை நம் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. நிறுத்திய பிறகு அவன் கையில் மாயவாளைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னால் நம்புவோமா என்பது தனிக் கேள்வி.

ட்ரம்புலுக்கு இது தெரிந்திருந்தது. 1983இல் வந்த அவருடைய 'பிரெய்ன்ஸ்டார்ம்' ஒருவரின் அனுபவத்தைப் பதிவு செய்து இன்னொருவர் மூளையில் ஓட்டும் கருவியைப் பற்றியது. சாதாரணக் காட்சிகளை 24இல் எடுத்துவிட்டு, கருவி வழியாகப் பார்க்கும் காட்சிகளை மட்டும் 60இல் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். தியேட்டர்காரர்கள் புது ப்ரொஜெக்டர் வாங்கத் தயாராக இல்லை. கடைசியில் அந்தக் காட்சிகள் அகலத் திரையாக விரியும், அவ்வளவோடு நின்றுவிட்டது. எங்கே தேவையோ அங்கே மட்டும் ஃப்ரேமைக் கூட்டு என்ற அந்த யோசனை கேமரூன் கைக்கு வந்துசேர இன்னும் 39 வருஷம் ஆனது.

டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் செலவு என்ற தடை போய்விட்டது. 2012 டிசம்பரில் பீட்டர் ஜாக்சனின் 'தி ஹாபிட்' முதல் பாகம் 48 ஃப்ரேமில், 3டியில் வந்தது. அதற்கு முன் ஏப்ரலிலேயே தியேட்டர்காரர்கள் கூடும் மாநாட்டில் பத்து நிமிஷம் போட்டுக்காட்டினார்கள், டிவி மாதிரி இருக்கிறது என்று அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். படம் வந்ததும் அதே பேச்சு. ஆட்கள் வேகமாக ஓட்டிவிட்டதுபோல நடக்கிறார்கள் என்றார்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பழகிவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள். சிலருக்குத் தலை சுற்றியது.

ஜாக்சன் அசட்டையாக எதையும் செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 64இல் ஒரு பங்கு வினாடி வெளிச்சம் கொடுத்தார், 48க்கு வழக்கமாகக் கொடுப்பதைவிட அது அதிகம். கொஞ்சம் மங்கல் மிஞ்சட்டும், ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து 24இல் ஓட்டும் தியேட்டரிலும் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்ற கணக்கு. கேமரா நிறத்தை உறிஞ்சுகிறது என்று குள்ளர்களின் முகத்தில் வழக்கத்தைவிடச் சிவப்பு கூட்டினார்கள், காட்டு செட்டின் மரங்களுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறங்கள் அடித்தார்கள். இவ்வளவு செய்தும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். குள்ளர்கள், மந்திரவாதி, டிராகன் எல்லாம் "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று ஆரம்பிக்கும் உலகம். அதற்குத் தூரம் வேண்டும். 48 ஃப்ரேம் அந்தத் தூரத்தை எடுத்துவிட்டு ஒட்டு மூக்கை மேஜைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தது. கொல்லம் (Gollum) என்ற விநோதப் பிறவி வருகிற குகைக் காட்சி மட்டும் நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கொல்லம் முழுக்கக் கம்ப்யூட்டரில் பிறந்தவன், அவன் முகத்தில் ஒட்டு எதுவும் இல்லை.

ஆங் லீக்கு இந்தப் பித்து பிடித்ததில் நம் பக்கத்து ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரியிலும் வந்து எடுத்துவிட்டுப் போன 'லைஃப் ஆஃப் பை' (2012) வேலையின்போதுதான் 3டியில் 24 ஃப்ரேம் எவ்வளவு அதிர்கிறது என்பது அவரை உறுத்தத் தொடங்கியது. 3டியில் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் மாறி மாறிப் படம் போகிறது, கண் அசைவையும் கணக்குப் போட வேண்டும், ஆழத்தையும் கணக்குப் போட வேண்டும். சாதாரணப் படத்தில் மன்னிக்கப்பட்ட அதிர்வு அங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அடுத்து அவர் எடுத்த 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' (2016) ஒரேயடியாக 120 ஃப்ரேம், 4கே, 3டி. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து வினாடிக்கு 240 படம், சாதாரண சினிமாவைப்போல பத்து மடங்கு. முழு வடிவத்தில் காட்ட உலகத்தில் ஐந்து தியேட்டர்களில்தான் வசதி இருந்தது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தைபே, பெய்ஜிங், ஷாங்காய்.

அந்தப் படத்தில் ஈராக்கிலிருந்து வந்த 19 வயதுச் சிப்பாயை ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், ஆட்டத்தின் இடைவேளையில், பட்டாசுக்கும் நடனக்காரிகளுக்கும் நடுவே மேடை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அவன் மனசு போர்க்களத்துக்கு ஓடுகிறது. 120 ஃப்ரேமுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம். லீ வழக்கமான மேக்கப்பைத் தவிர்த்தார், பூசினால் பூச்சு என்று தெரிந்துவிடும். ஃப்ரேம் நேரம் குறைந்துவிட்டதால் வெளிச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. நடிப்பும் மாற வேண்டியிருந்தது. நடிக்கிறேன் என்று காட்டிக்கொண்டால் அப்படியே தெரிந்துவிடும். நடிகர்கள் லென்ஸை நேராகப் பார்த்துப் பேசுகிற இடங்களில் ஈரமான கண், தோலுக்கடியில் ஏறுகிற சிவப்பு எல்லாம் தெரிகிறது என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். படம் வசூலில் விழுந்தது. 2019இல் வில் ஸ்மித்தை வைத்து மறுபடி 120இல் 'ஜெமினி மேன்' எடுத்தார். அதன் பைக் துரத்தலைப் பலர் புகழ்ந்தார்கள், கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் எதுவும் தொலைவதில்லை. ஆனால் இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசும்போது மறுபடி அதே பேச்சு, டிவி மாதிரி இருக்கிறது என்று. அதுவும் ஓடவில்லை.

கேமரூன் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். 2022இல் வந்த 'அவதார்' இரண்டாம் பாகம் 48இல் ஓடியது, ஆனால் படம் முழுக்க 48 அசைவு கிடையாது. நீருக்கடியிலும் பறக்கும்போதும் முழு 48. ஆட்கள் நின்று பேசும் இடங்களில் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 24 தோற்றத்துக்குத் திரும்பிவிட்டார். ட்ரம்புலின் பழைய யோசனைதான், ப்ரொஜெக்டர் வேகத்தை மாற்றாமலே. நீருக்கடியில் அது எவ்வளவு அழகாக வேலை செய்தது என்பதை மறுக்கவே முடியாது. தண்ணீரில் மிதக்கிற தூசிக்கும் குமிழிக்கும்கூட ஆழம் இருந்தது. எனக்குக் குறை இருப்பது மாறுகிற இடத்தில். ஒரே காட்சிக்குள் ஒரு ஷாட் 48, அடுத்த ஷாட் 24 என்று வரும்போது படம் திக்குவது மாதிரி இருந்தது. முழுக்க 24 பார்த்தால் கண் 24க்குப் பழகியிருக்கும், 48 காட்டிவிட்டு 24க்கு இறக்கினால் அதே 24 பழுதுபோலத் தெரியும். பக்கத்து சீட்டில் ஒருவர் புரொஜெக்டரில்தான் கோளாறு என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டு டிவி தன் பாட்டுக்கு வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. சித்தப்பா டிவியில் நடந்தது உண்மையான ஹை ஃப்ரேம் ரேட்டே இல்லை. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று டிவியே ஊகித்து, கேமரா எடுக்காத ஃப்ரேம்களை வரைந்து செருகுகிறது. வேகமாக வீசும் கையின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தால் அந்த ஊகம் தப்பிவிட்டது என்று அர்த்தம். இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று 2018 டிசம்பரில் டாம் க்ரூஸ் ஒரு வீடியோவே போட்டார். அடுத்த வருஷம் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒரு ஏற்பாடு வந்தது, அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலைகளையெல்லாம் டிவி நிறுத்திவிடும். நான் இதற்குப் பெரிய ஆதரவாளன், ஆனால் சித்தப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய ப்ரொஜெக்டர் வெளிச்சம் மங்கல். இன்றைய டிவி பளீரென்று எரிகிறது. ஓஎல்இடி திரை ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்ததற்குப் பளிச்சென்று மாறிவிடுகிறது. வெளிச்சமும் வேகமும் கூடினால் 24இன் தாவல் இன்னும் எடுப்பாகத் தெரியும். தியேட்டரில் தெரியாத அதிர்வு அவர் ஹாலில் உண்மையாகவே தெரிகிறது. கடைசியில் கிரிக்கெட்டுக்கு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு, படத்துக்கு மட்டும் மாற்றுவது எப்படி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வந்தேன். அசைவைச் சீராக்கும் அந்த வசதியை முழுக்க அணைக்காமல் அதன் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அதிர்வும் குறையும், சீரியல் சாயலும் வராது, அதையும் எழுதினேன்.

அக்கா மகனுக்கு 14 வயது. அவன் பிறந்ததிலிருந்து பார்ப்பது போன் திரை, விளையாடுவது 60க்கும் 120க்கும் ஓடுகிற கேம். தூர்தர்ஷன் அவனுக்குத் தெரியாது, கல்யாண வீடியோவும் இப்போது பெரும்பாலும் சினிமா மாதிரிதான் எடுக்கிறார்கள். போன மாதம் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கோயில் பிராகாரத்தில் கேமரா வலமிருந்து இடமாக வேகமாகத் திரும்பியது, தூண்கள் எல்லாம் படபடவென்று அதிர்ந்து போயின. அவன் என் தோளைத் தட்டி, "மாமா, இது ஏன் லேக் ஆகுது?" என்று கேட்டான். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டு, நிமிஷத்துக்கு 90 அடி என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.